நாய்க்கிராணியும் திருகிப்போன கம்பிகளும்

நாய் லைசென்ஸ் உத்தியோகத்தில் என்னை நாய்கள் கடித்ததைவிட நாய் வளர்த்தவர்கள் கடித்ததுதான் அதிகம். வீட்டு வரி, தண்ணீர் வரி, வாடகை பாக்கி என்று எதற்காவது அடுத்தவர் வாசலில் போய் நின்று தொண்டையைக் கனைத்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் யாராவது இருந்தால், என் பாடு அவர்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஊர்ச் சுகாதாரத்தைப் பார்த்துக்கொண்ட போர்டில் எனக்குக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. பெயர் மாணிக்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. நாய்க்கிராணி என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். வெறிநாய்க்கடிக்கு எல்லாரும் பயந்துகொண்டிருந்த காலம் அது. நாய் வளர்க்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டி, வட்டமான தகர வில்லை ஒன்றை வாங்கி நாயின் கழுத்துப் பட்டையில் மாட்டவேண்டும். வில்லையை மெல்லிய கம்பியால் பட்டையோடு கட்டிவிடுவது என் வேலை. வெறுங்கழுத்தோடு தெருவில் நிற்கும் நாயைப் போர்டு வண்டி பிடித்துக்கொண்டு போகும். சில நாள் பட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். யாரும் தேடி வராவிட்டால் சுட்டுவிடுவார்கள்.

நான் இயல்பிலேயே பயந்த சுபாவம். காலையில் பைக்குள் வில்லைகள் கலகலத்தால்கூடத் திரும்பிப் பார்ப்பேன்.

மாமியாரின் இருமல்

ஒரு தடவை கிள்ளானில் ஆள் போதவில்லை என்று என்னை உதவிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு மளிகைக்கடைக்காரர் வீடு. வாசலுக்கு வந்த அம்மாள், "இந்த வீட்டுல நாயா? எங்க சோத்துக்கே வழியக் காணோம்" என்றார். சரி என்று நான் திரும்பும்போது, உள் அறையில் கட்டிலுக்கு அடியிலிருந்து 'வள்' என்று ஒரு சத்தம். அந்த அம்மாள் கண்ணை இமைக்காமல், "மாமியாருக்கு இருமல். என்ன மருந்து குடுத்தும் கேக்கல" என்றார்.

மாமியாரை நாய் என்று சொல்லிவிட்டான் என்று நாளைக்கு ஆபீசில் புகார் வந்தால் என்ன செய்வது? பையைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து கையில் கரண்டியோடு ஒரு வயசான அம்மாள் வந்து, "யாருடி வந்திருக்கிறது?" என்றார். கட்டிலடியில் மறுபடியும் 'வள்'. மருமகள் கொஞ்சமும் அசரவில்லை.

"இவங்க என் மாமியார். உள்ள இருமுறது இவங்களோட மாமியார்."

கண்ணி பிடித்த கை

வில்லை கட்டுவது நான் என்றால், வில்லை இல்லாததைப் பிடிப்பது முனியாண்டி. நீளமான மூங்கில் கழி, அதன் நுனியில் கம்பிக் கண்ணி, பின்னால் கூண்டு வைத்த தள்ளுவண்டி. பிடிக்கிற நாய் ஒவ்வொன்றுக்கும் கூலிக்கு மேல் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். அதனால் வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டாலே மொத்தத் தெருவும் அவனைச் சபிக்கும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் வாசலுக்கு வெளியே நிற்க வைத்துத்தான் ஊற்றுவார்கள். அவனோ நாயைக் கண்ணியில் மாட்டும்போதுகூட "வா சாமி, வா ராசா" என்று கெஞ்சித்தான் கூப்பிடுவான்.

அவன் டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவன். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து, வேலை இல்லாதவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த நேரம். முனியாண்டி இங்கேயே பிறந்தவன். அவன் மனைவி பேச்சியும் அப்படித்தான். 'ஊர்' என்று மற்றவர்கள் சொல்லும் இடத்தை இருவரும் கண்ணால் பார்த்ததில்லை. இந்த வேலை கிடைத்ததால் போர்டு லைனில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், ஒரு அறை கிடைத்தது. பேச்சிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. வேலை போனால் அறை போகும். அறை போனால் கப்பல்தான்.

தெருவெல்லாம் திட்டுகிறதே, வேறு வேலை பார்க்கக்கூடாதா என்று ஒருநாள் நான் பைத்தியக்காரத்தனமாகக் கேட்டுவிட்டேன். அவன் கழியைச் சுவரில் சாத்திவிட்டுச் சிரித்தான்.

"இந்தக் கண்ணிய நான் கீழ வச்சா, எனக்குன்னு ஒரு கண்ணி தொறைமுகத்துல காத்துக்கிட்டு இருக்குங்கய்யா."

டைகரின் வெறுங்கழுத்து

ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆரோக்கியம் என்று ஒரு ரயில் கார்டு இருந்தார். முறுக்கிய மீசை, விசில் ஊதிப் பழகிய நெஞ்சு. அவர் மெதுவாகப் பேசினாலே அடுத்த வீட்டில் பாத்திரம் அதிரும். அவருடைய நாய் டைகர். பெயருக்குத்தான் டைகர், யார் கையை நீட்டினாலும் நக்கும். அதற்கு வில்லை கட்டியது நான்தான். கட்டிய பிறகு ஒரு தடவை இழுத்தும் பார்த்தேன். எனக்கு எதையும் இரண்டு தரம் சரிபார்க்காவிட்டால் தூக்கம் வராது.

மனைவி பிரசவத்துக்குக் கிள்ளானில் தாய்வீட்டுக்குப் போயிருக்க, ஆரோக்கியம் வடக்கே போகும் ரயிலில் சில நாள் டியூட்டிக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டில் சோறு போடச் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில் எங்கள் வண்டி பின்சந்தில் போனது. டைகரின் கழுத்தில் பட்டை இருந்தது, வில்லை இல்லை. முனியாண்டி அதைப் பிடித்துப் பட்டியில் சேர்த்தான். அவர் திரும்பி வந்து, விசாரித்து, பட்டிக்கு ஓடினபோது எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தப் பட்டையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். நான் கட்டிய கம்பியில் மிச்சம் ஒரு துண்டு அதில் இருந்தது. வெட்டின கம்பி இல்லை. சணல் கயிறு திரிக்கிற மாதிரி ஒரே பக்கமாகத் திருகித் திருகி அறுந்த கம்பி. பெரிய உடம்புக்காரர், அழுவதை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டே பேசினார்.

"மிஸ்டர், வில்லை என்ன தானாவா கழண்டு நடந்து போச்சு? கம்பியத் திருகத் தெரிஞ்சவன் உங்க வண்டியிலதான் இருக்கான்."

டீச்சரம்மா தொழிலில் இறங்குகிறார்

அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு வரிசையாக வில்லைகள் மறைய ஆரம்பித்தன. இன்றைக்கு இந்த வரிசையில் ஒரு நாய், கொஞ்ச நாள் கழித்து அடுத்த வரிசையில் இன்னொன்று. எல்லாக் கழுத்திலும் அதே திருகிய கம்பி. பயத்தில் ஜனங்கள் நாயைக் கட்டிலில் படுக்கவைத்துத் தாங்கள் தரையில் படுத்தார்கள்.

கடைசியில் எஸ்தர் டீச்சரின் பிங்கிக்கும் வில்லை போயிற்று. எஸ்தர் டீச்சர் மிஷன் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீட்டில் அவரும் பிங்கியும்தான். துப்பறியும் கதை என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் பையில்கூட ஜெபப்புத்தகத்துக்கு அடியில் ஒன்று இருக்கும். வில்லை போனதற்கு அவர் வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை. கண்ணில் ஒரு பளபளப்பு வந்துவிட்டது. என்னைப் பின்சந்தில் முழங்காலிட வைத்துச் செருப்புத் தடம் தேடச் சொன்னார். கிடைத்த தடமெல்லாம் என்னுடையது.

பிறகு பின்வாசல் பக்கம் வந்துபோகிறவர்களை விரல்விட்டு எண்ணினோம். பால்காரர் ரெங்கசாமி, வண்ணார், தகரம் வாங்கும் சீனர், தேங்காய் பறிக்க வரும் பாக் மாட், எங்கள் முனியாண்டி. பாக் மாட் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, வருகிற மலாய்க்காரர். மரம் ஏறுவது அவர் இல்லை, அவர் வளர்க்கும் குரங்கு. அவர் மார்க்கத்தில் நாயைத் தொடக்கூடாது. தெரியாமல் பட்டுவிட்டால்கூட மண்ணும் தண்ணீரும் வைத்துப் பலமுறை கழுவவேண்டும். அந்த ஊரில் எல்லாருக்கும் இது தெரிந்ததுதான். அதனால் டீச்சர் முதலில் மடக்கிய விரல் அவருடையது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

"நாயைக் கண்டா வேலி ஓரமா ஒதுங்கிப் போற மனுஷன் நாய் கழுத்துல கை வைப்பாரா, மிஸ்டர் மாணிக்கம்? அவரை விட்டுடுங்க, மத்தவங்களப் பாப்போம்."

மாசக் கடைசி

ஆரோக்கியம் சும்மா இருக்கவில்லை. குவார்ட்டர்ஸ்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நேராகச் சுகாதாரத் துரையின் அறைக்குள் போய்விட்டார். நாய்க்கு இவ்வளவு என்று கூடுதல் கூலி வாங்குகிறவன், கம்பி வேலை தெரிந்தவன், பின்சந்தில் தினம் நடமாடுகிறவன். வேறு யார் செய்வார்கள் என்று கேட்டார். கேட்டால் சரியாகத்தான் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. முனியாண்டியின் கண்ணியை நானே ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். அதிலும் கம்பி முறுக்கித்தான் இருந்தது. உடனே கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

துரை என்னையும் முனியாண்டியையும் கூப்பிட்டார். மாசக் கடைசிக்குள் யார் என்று தெரியவேண்டும். தெரியாவிட்டால் முனியாண்டிக்கு வேலை இல்லை என்றார். நான் ஏதோ பேச வாயெடுத்தேன். "வேறு ஏதாவது சொல்ல இருக்கா?" என்று துரை கேட்டதும் "இல்லை சார்" என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் லைனுக்குப் போனேன். பேச்சி நிறைமாசம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து எனக்குப் பலகை எடுத்துப் போட்டாள். தைரியமாக இரு என்று சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள்தான் அடக்கமான குரலில் கேட்டாள்.

"ஐயா, கப்பல்ல போறப்ப கடலு நடுவுல புள்ள பொறந்தா, அதுக்கு எந்த ஊருன்னு சொல்லுவாங்க?"

உண்ணி இல்லாத காது

அன்றிலிருந்து எனக்கு நாயும் முனியாண்டியும் தவிர வேறு நினைப்பில்லை. வில்லை தொலைத்த நாய்களுக்கு மறுபடியும் கட்டும் சாக்கில் ஒவ்வொரு வீடாகப் போனேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. என் தொழிலில் கழுத்தில் கை விட்டால் உண்ணி ஒட்டாமல் வராது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் மனைவி வாசலிலேயே நிறுத்தி என் கையை விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். ஆனால் வில்லை போன நாய்களின் காதும் கழுத்தும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தன. ஒரு உண்ணிகூட இல்லை.

டீச்சரிடம் ஓடினேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். திருடன் நாயை மடியில் போட்டு உண்ணி எடுத்து மயக்குகிறான். நாய் சொக்கிக் கிடக்கும்போது வில்லையைத் திருகிவிடுகிறான். அதனால்தான் ஒரு நாயும் குரைப்பதில்லை. நாயிடம் அவ்வளவு பிரியமாக இருக்கக்கூடியவர் யார்? பால்காரர் ரெங்கசாமிதான் என்று முடிவாயிற்று. எல்லா நாயும் அவரைக் கண்டால் வாலை ஆட்டுகிறதே.

மறுநாள் காலை வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்து, அவர் பிங்கியின் தலையைத் தடவியதும் நாங்கள் இருவரும் பாய்ந்தோம். நான் பாய்ந்ததில் அவருடைய பால்செம்பு கவிழ்ந்தது. பிங்கி அதை நக்கிக்கொண்டிருக்க, டீச்சர் "உண்மையைச் சொல்லும்!" என்று குடையை நீட்டினார். ரெங்கசாமி தரையில் ஓடும் பாலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் மாட்டு மேல இருக்கிற உண்ணிய எடுக்கவே எனக்கு நேரத்தக் காணோம், இதுல உங்க நாய்க்கு வேற வந்து எடுக்கிறேனாக்கும்!"

என் சட்டைப் பொத்தான்

மாசக் கடைசி நெருங்கிவிட்டது. எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. டீச்சர் மட்டும் தளரவில்லை. பிங்கிக்குப் புது வில்லை கட்டி, பின்பக்கம் கட்டிப்போட்டுக் காவல் இருப்போம் என்றார். அன்றைக்குப் பார்த்து அந்த வரிசையில் பாக் மாட் தேங்காய் பறிக்க வந்திருந்தார். தேங்காய் பறிக்கிற நாளில் குவார்ட்டர்ஸே கதவைச் சாத்திக்கொள்ளும். மேலிருந்து விழுகிற காய்க்குப் பாதிப் பயம், குரங்கின் பல்லுக்குப் பாதிப் பயம். பாக் மாட்டின் குரங்குக்கு அவாங் என்று பெயர். மரத்தில் ஏறி, முற்றின காயைக் கைகாலால் பிடித்து, காம்பு அறும்வரை திருகு திருகு என்று திருகிப் போடும். அதற்குப் பழக்கியிருந்த வேலை அது ஒன்றுதான்.

டீச்சர் ஜன்னலுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். நான் பின்வேலியோரம் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியில் உட்கார்ந்து, பின்சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பாக் மாட் ஒரு மரம் முடித்து, அவாங்கை நீளக் கயிற்றில் வேலியில் கட்டிவிட்டு, நாய் இருக்கும் பக்கம் வேண்டாம் என்று வீட்டின் முன்புறம் போய்க் காப்பி குடிக்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் என் காதுக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது. சின்னச் சின்ன விரல்கள். முடியை விலக்கி விலக்கி எதையோ தேடின. தேங்காய் பறிக்கப் பழக்கும் இந்தப் பெரூக் சாதிக் குரங்கு கடித்தால் விரல் மிஞ்சாது என்பார்கள். அவாங் நிதானமாக என் தலையில் தேடி முடித்துவிட்டு முன்னால் வந்து, யூனிபாரத்தின் பித்தளைப் பொத்தானைப் பிடித்தது. ஒரு திருகு. இன்னொரு திருகு. "அசையாதீங்க மிஸ்டர் மாணிக்கம், சாட்சி கலைஞ்சுடும்!" என்று ஜன்னலிலிருந்து டீச்சர் கத்தினார். அசைகிற நிலையில் நான் எங்கே இருந்தேன்? நூல் அறுந்தது. பொத்தான் அவாங்கின் வாய்க்குள் போய்க் கன்னத்தில் உப்பியது.

பிறகு அது பிங்கியிடம் போய் உட்கார்ந்தது. பிங்கி பழகின ஆளைப் பார்த்த மாதிரி மல்லாந்து படுத்துக் காலை விரித்தது. அவாங் காதைப் புரட்டி உண்ணி பொறுக்கித் தின்றது. கழுத்துக்கு வந்தது. வில்லையைப் பிடித்துத் தேங்காயைத் திருகுகிற மாதிரியே திருகியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சத்தம் கேட்டு ஓடிவந்த பாக் மாட் அந்தக் காட்சியைப் பார்த்து வெலவெலத்துப் போய்விட்டார். தேங்காய்ச் சாக்குக்குள் அடிக்கடி தகரத் துண்டு கிடக்கிறதே, பிள்ளைகள் விளையாட்டாகப் போட்டது என்று நினைத்தேன் என்றார். அவாங் சாக்கில் துப்பிய அந்த வில்லைகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாராம். ஆனால் அவருடைய கவலை வில்லையைப் பற்றியது இல்லை. மலாயில் குரங்கைப் பார்த்து அவர் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்.

"அட பாவி அவாங், இத்தனை நாளும் நாயைத் தொட்ட கையோடயா என் தோள்மேல ஏறி உட்கார்ந்து வந்தே?"

துரையின் மேஜையடியில்

டப்பா, வில்லைகள், பாக் மாட், கயிற்றில் அவாங், குடையோடு டீச்சர், பொத்தான் இல்லாத நான். எல்லாரும் துரையின் அறையில் போய் நின்றோம். முனியாண்டி வராந்தாவில் நின்றான். ஆரோக்கியமும் வந்திருந்தார். துரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "இதை உன் முனியாண்டியே கிழவனிடம் கொடுத்திருக்கலாம். குரங்கு செய்யட்டும், நான் பார்க்கிறேன்."

அவாங் செய்யவில்லை. பிங்கியைக் கொண்டுவரவும் எங்களுக்குத் தோன்றவில்லை. அவாங் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி துரையையே பார்த்தது. டீச்சர் தன் கைக்கடிகாரத்தை நீட்டினார். பார்க்கக்கூட இல்லை. நான் மிச்சமிருந்த பொத்தான்களைக் காட்டினேன். கொட்டாவி விட்டது. ஆரோக்கியம் சிரித்தார். துரை பேனாவை எடுத்தார். வராந்தாவில் முனியாண்டி சுவரோடு சாய்ந்து மெல்ல உட்காருவது கதவு வழியாகத் தெரிந்தது. அந்தக் குரங்கின் காலில் விழவும் நான் தயாராக இருந்தேன்.

அந்த நேரத்தில் மேஜைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த துரையின் வெள்ளை நாய் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தது. அவாங்கின் கண் விரிந்தது. கயிறு இழுபட ஒரே எட்டில் போய் நாயின் காதைப் புரட்டியது. உண்ணி ஒன்று, இன்னொன்று என்று வாயில் போட்டுக்கொண்டே கழுத்துக்கு வந்து, துரையின் நாய்க்கு நானே கட்டிக்கொடுத்த வில்லையைத் திருகிக் கழற்றிக் கன்னத்தில் ஒதுக்கியது. துரை எழுதிக்கொண்டிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டார். முனியாண்டிக்கு வேலை உண்டு, தேங்காய் பறிக்கிற நாளில் எல்லாரும் நாயை வீட்டுக்குள் கட்டவேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னார். ஆனாலும் அவர் முகம் சிவந்தே இருந்தது.

"என் நாய்க்கு உண்ணி இருக்கு என்று இந்த ஆபீசில் ஒருத்தன்கூட எனக்குச் சொல்லலையே?"

ஒரு சீப்பு வாழைப்பழம்

பேச்சிக்குப் போர்டு லைன் அறையிலேயே பெண்குழந்தை பிறந்தது. நல்ல பிரசவம். நான் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். கதையை இந்த இடத்தில் முடிக்க எனக்கும் ஆசைதான்.

அடுத்த தடவை பாக் மாட் வந்தபோது குவார்ட்டர்ஸில் ஒரு கதவும் சாத்தவில்லை. அவாங்கைப் பார்க்கத் திருவிழாக் கூட்டம். பாக் மாட் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு கூச்சத்தோடு நின்றார். "திருட்டுப் பயலே" என்று கொஞ்சினார்கள். பிள்ளைகள் பொத்தானைக் காட்டித் திருகச் சொல்லிச் சிரித்தார்கள். டைகருக்காக முனியாண்டியைக் கப்பலேற்றிவிடத் துடித்தாரே, அதே ஆரோக்கியம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து ஒவ்வொன்றாக உரித்து அதற்கு ஊட்டினார். மனுஷன் கண் கலங்கச் சிரித்தார்.

அந்த நேரம் பின்சந்தில் முனியாண்டியின் வண்டி வந்தது. பழி நீங்கிய பிறகு அந்த வரிசைக்கு அவன் வருவது அதுதான் முதல் தடவை. யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லுவார்கள் என்று நான் நினைத்தேன். அவனும் நினைத்திருப்பான் போலிருக்கிறது. வேலை நாளாக இருந்தும் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தான். ஆரோக்கியம் திரும்பிப் பார்த்து, "வண்டிய அந்தப் பக்கம் தள்ளி நிறுத்துப்பா, கொரங்கு மிரளுது" என்றார். மற்றவர்கள் திரும்பக்கூட இல்லை. முனியாண்டி வண்டியைத் தள்ளி நிறுத்தினான். அவன் பக்கத்தில் போய் நின்றேன். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, கோபமே இல்லாமல், தெரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"கொரங்குன்னு தெரிஞ்சதும் எல்லாரும் சிரிக்கிறாங்களேய்யா, நானுன்னு நெனச்சப்ப ஒருத்தருக்கும் சிரிப்பு வரலியே?"

இத்தனை காலம் வில்லை கட்டிப் பிழைத்ததில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: எங்கள் பக்கத்தில் திருட்டுப் பழி வந்தால் வால் இருக்கிறவனுக்கு வாழைப்பழம், வால் இல்லாதவனுக்குக் கப்பல்.